ராணுவ விமான விபத்து விசாரணை: எதைக் காக்க வேண்டும், எதை வெளியிட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ விமானம் ஒன்று விழுந்தால் விசாரணை நடக்கிறது. ஆனால் அந்த விசாரணையில் பேசப்பட்டதெல்லாம் வெளியே வருவதில்லை. எதைக் காப்பது நியாயம், எதை மறைப்பது தவறு என்ற எல்லையை நீதிமன்றத் தீர்ப்புகளாலும் விதிகளாலும் நெடுங்காலமாக வரையறுத்து வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. ஆகவே இப்பக்கத்தின் பெரும்பகுதி அந்நாட்டு விமானப்படையின் நடைமுறையைப் பற்றியது. பிரிட்டன், இந்தியா குறித்த கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

ஒரே விபத்துக்கு எதற்காக இரண்டு விசாரணைகள்?

அமெரிக்க விமானப்படையில் பெரிய விபத்து ஒன்று நேர்ந்தால் முதலில் அமைவது பாதுகாப்பு விசாரணைக் குழு. அதன் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. அதே ரக விமானம் நாளைக் காலையும் பறக்க வேண்டியிருப்பதால், ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் பணியை முடிக்க இக்குழு முயல்கிறது. யாருக்குத் தண்டனை, யாருக்கு இழப்பீடு, யார் பதவி பறிபோக வேண்டும் என்ற கேள்விகளுக்கு இக்குழுவிடம் இடமில்லை.

அதன் பிறகு வருவது விபத்து விசாரணைக் குழு. இது சட்டம் சார்ந்த விசாரணை. இதன் அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்படுகிறது. வழக்குகளுக்கும் ஒழுங்கு நடவடிக்கைகளுக்கும் தேவையான தகவல் இங்கிருந்துதான் கிடைக்கிறது. முதல் குழுவில் இருந்தவர் இரண்டாவது குழுவில் இருக்க முடியாது. முதல் குழு தன் அறிக்கையை இரண்டு பகுதிகளாக எழுதுகிறது. பராமரிப்புப் பதிவேடுகள், வானிலை விவரம், பறப்புத் தரவு, சிதைவுகளின் படங்கள் போன்ற மெய்விவரங்கள் அடங்கிய முதல் பகுதி அப்படியே இரண்டாவது குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறது. ரகசிய உறுதியின் பேரில் பெறப்பட்ட வாக்குமூலங்களும் குழுவின் ஆய்வும் முடிவும் அடங்கிய இரண்டாம் பகுதியை அவர்கள் பார்க்கவே கூடாது. அவர்கள் அதே சாட்சிகளை மறுபடியும் அழைத்து, இம்முறை எந்த உறுதிமொழியும் தராமல், தேவையானால் சத்தியப் பிரமாணம் செய்வித்து விசாரிக்கிறார்கள். குற்றச்சாட்டுக்கு ஆளாகக்கூடியவர் என்று கருதப்படுபவருக்கு அப்போது மௌனம் காக்கும் உரிமையும் உண்டு.

ஒரே வேலையை இருமுறை செய்வது வீண் செலவு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே இந்த இரட்டிப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மூடிய அறிக்கைக்குப் பக்கத்தில் திறந்த அறிக்கை ஒன்று இருக்கும்போதுதான் மூடியதை மூடி வைப்பதற்கு அரசுக்குத் தகுதி வருகிறது.

சாட்சிக்குத் தரப்படும் ரகசிய உறுதி என்பது நடைமுறையில் என்ன?

ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். விபத்துக்கு முந்திய இரவு விமானத்தைச் சரிபார்த்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், ஒரு திருகாணியைத் திருகுவிசைக் கருவி கொண்டு இறுக்காமல், கைப்பழக்கத்தில் இறுக்கிவிட்டு, பதிவேட்டில் கருவியைப் பயன்படுத்தியதாகக் கையெழுத்திட்டிருக்கிறார். கருவி அன்று வேறொரு கொட்டகையில் இருந்தது. காலைக்குள் விமானம் தயாராக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. அங்கிருந்த எல்லோரும் சில மாதங்களாக அப்படித்தான் செய்துவந்தார்கள்.

விசாரணை அதிகாரி அவர் முன் அமர்ந்து, அவர் சொல்வது விபத்துத் தடுப்புக்கு மட்டுமே பயன்படும், ஒழுங்கு நடவடிக்கைக்கோ பணி மதிப்பீட்டுக்கோ வழக்குக்கோ அவருக்கு எதிராகப் பயன்படாது என்று சொல்லிப் பதிவு செய்த பிறகே கேள்வி கேட்கிறார். பதிவேட்டை மட்டும் பார்த்தால் திருகாணி சரியாக இறுக்கப்பட்டிருக்கிறது. உண்மை அந்த மனிதரின் வாயில் மட்டுமே இருக்கிறது. அவர் பேசினால் ஒரு திருகாணி பற்றி மட்டுமல்லாமல், கருவிப் பற்றாக்குறை பற்றியும், இரவுப் பணி நெருக்கடி பற்றியும், படைத்தளம் முழுவதும் பரவிவிட்ட கெட்ட பழக்கம் பற்றியும் தெரியவரும். பேசாவிட்டால் அதே நிலையில் இன்னும் பல விமானங்கள் மேலே ஏறும்.

அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ராணுவ விமானப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2020 டிசம்பரில் தந்த அறிக்கையின்படி, 2013 முதல் 2018 வரையிலான நிதியாண்டுகளில் மட்டும் அந்நாட்டுப் படைகளில் 6,000-க்கும் மேற்பட்ட விபத்துகளில் 198 பேர் உயிரிழந்தார்கள். 157 விமானங்கள் அழிந்தன. அந்த ஆணையமே படைத்தளங்களுக்குச் சென்று விமானிகளையும் பராமரிப்பாளர்களையும் சந்தித்தபோது, பேசியவர் யாரென்று வெளியிடமாட்டோம் என்ற உறுதியின் பேரில்தான் அவர்களைப் பேசவைத்தது.

தவறு செய்தவர் இதனால் தப்பிவிடமாட்டாரா?

மாட்டார். காக்கப்படுவது அவர் அந்த அறையில் சொன்ன சொல் மட்டுமே. அவர் செய்த செயலுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதே செயலைப் பதிவேடுகளின் மூலமாகவோ, மற்றவர்களின் சாட்சியத்தின் மூலமாகவோ, சிதைவுகளின் ஆய்வின் மூலமாகவோ இரண்டாவது குழு தனியாக நிறுவினால் நடவடிக்கைக்குத் தடையில்லை. ரகசிய உறுதியின் கீழ் தெரிந்தே பொய் சொன்னவருக்கும் பாதுகாப்பு கிடையாது. நாசவேலை அல்லது குற்றச்செயல் என்ற ஐயம் எழுந்தால் பாதுகாப்பு விசாரணை நிறுத்தப்பட்டு விவகாரம் குற்றப் புலனாய்வினர் கைக்குப் போகிறது.

1994 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்ட் விமானப்படைத் தளத்தில் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று சாகசப் பயிற்சியின்போது விழுந்து 4 அதிகாரிகள் இறந்தார்கள். அந்த விமானி ஆபத்தாகப் பறப்பவர் என்று பலமுறை எச்சரிக்கப்பட்டும் மேலதிகாரிகள் அவரைத் தடுக்கவில்லை. அத்தளத்தின் உயர் அதிகாரி ஒருவர் கடமை தவறியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாதுகாப்பு விசாரணையின் ரகசியம் இந்த நடவடிக்கைக்கு இடையூறாக நிற்கவில்லை.

எவை காக்கப்படும், எவை காக்கப்படமாட்டா?

உறுதிமொழியின் பேரில் தரப்பட்ட வாக்குமூலம், விமானத் தயாரிப்பாளரின் பிரதிநிதிகள் அதே உறுதியின் கீழ் தந்த கருத்து, குழு உறுப்பினர்களிடையே நடந்த விவாதம், அவர்களின் ஆய்வு, முடிவு, பரிந்துரை ஆகியவை காக்கப்படுகின்றன. பறப்புத் தரவு, பராமரிப்பு ஆவணம், வானிலைக் குறிப்பு, கட்டுப்பாட்டுக் கோபுர உரையாடல், உடைந்த பாகத்தின் ஆய்வகச் சோதனை முடிவு போன்றவை மெய்விவரங்கள். இவை பாதுகாப்பு விசாரணையின் கோப்பில் இருக்கின்றன என்பதற்காக மட்டும் ரகசியமாகிவிடுவதில்லை. இப்படிப்பட்ட விவரங்களை, தேசப் பாதுகாப்புக்குக் கேடு இல்லாதபட்சத்தில், கேட்டவருக்குத் தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, பிரிவு 2254 சொல்கிறது. வெளியிடப்படும் அறிக்கையில் விபத்துக்கான காரணம் குறித்து விசாரணையாளர் எழுதும் கருத்து, வழக்கில் சாட்சியமாகவோ அரசு தன் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகவோ கொள்ளப்படாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. நீதிமன்றம் மெய்விவரங்களை வைத்துத் தானே முடிவுக்கு வர வேண்டும்.

பாதுகாப்புச் சிறப்புரிமை எனப்படும் இந்தக் காப்பை நீதிமன்றங்கள் எப்படி ஏற்றன?

அடிப்படையானது 1963-இல் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த மாச்சின் வழக்கு. பி-25 விமான விபத்தில் உயிர் தப்பிய ஒருவர், சுழலிப் பாகங்களைத் தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, விமானப்படையின் விசாரணை அறிக்கையைக் கேட்டார். ரகசிய உறுதியின் பேரில் சொல்லப்பட்டவற்றைத் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலரும் அந்தத் தீர்ப்பை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிதைவுகளை ஆராய்ந்த விமானப்படைத் தொழில்நுட்பப் பணியாளர்களின் மெய்யான கண்டறிதல்களைத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. காப்பும் திறப்பும் ஒரே தீர்ப்பில் சேர்ந்து பிறந்தவை.

1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெபர் விமான நிறுவன வழக்கில் இதை ஒருமனதாக உறுதி செய்தது. 1973-இல் எஃப்-106 விமானத்திலிருந்து அவசரமாக வெளியேறிக் காயமடைந்த விமானி ஒருவர், வெளியேற்று இருக்கை முதலான கருவிகளைத் தயாரித்தவர்கள் மீது வழக்குப் போட்டார். அந்த நிறுவனங்கள் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விசாரணைக் கோப்பைக் கேட்டன. அவர்கள் பெற விரும்பியவற்றுள் முக்கியமானவை இரண்டு: விமானியே தந்த வாக்குமூலமும், அவருடைய பாராசூட்டை மடித்துப் பராமரித்த படைவீரரின் வாக்குமூலமும். வழக்கின் வழியே பெற முடியாததைத் தகவல் சட்டத்தின் பக்கவாசல் வழியே பெற முடியாது என்றது நீதிமன்றம்.

இதுவும் அரசு ரகசியம் என்பதும் ஒன்றுதானா?

இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் நேர்ந்த கேடு பெரிது.

பாதுகாப்புச் சிறப்புரிமை என்பது சாட்சிக்குத் தந்த வாக்கைக் காப்பது. அரசு ரகசியம் என்பது எதிரியிடம் போய்ச் சேரக் கூடாத தகவலைக் காப்பது. ராணுவ ரகசியம் துளியும் இல்லாத வாக்குமூலத்துக்கும் முதலாவது பொருந்தும்.

1948 அக்டோபர் 6 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வேகிராஸ் ஊர் அருகே பி-29 விமானம் ஒன்று எஞ்சினில் தீப்பிடித்து விழுந்தது. அதில் இருந்த 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். ரகசிய மின்னணுக் கருவி ஒன்றைச் சோதிப்பதற்காக அது பறந்துகொண்டிருந்தது. இறந்த 3 சிவிலியன் பொறியாளர்களின் மனைவியர் வழக்குத் தொடுத்து விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். விமானப்படை மறுத்தது. தேசப் பாதுகாப்பு, பறத்தல் பாதுகாப்பு, ரகசியக் கருவிகளின் மேம்பாடு ஆகிய மூன்றும் பாதிக்கப்படும் என்று ஒரே மூச்சில் காரணம் சொன்னது. கீழ் நீதிமன்றங்கள் அந்தப் பெண்களின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றமோ 1953-இல் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில், அறிக்கையைத் தானும் பார்க்காமலேயே, அரசின் மறுப்பை ஏற்றது. அரசு ரகசியக் கோட்பாட்டுக்கு இன்றுவரை அடித்தளமாக இருக்கும் ரேனால்ட்ஸ் வழக்கு இதுதான்.

பிற்காலத்தில் அந்த அறிக்கையின் ரகசியத் தடை நீக்கப்பட்டது. 2000-இல் இறந்தவர்களில் ஒருவரின் மகள் அதைத் தேடிக் கண்டெடுத்துப் படித்தபோது, ரகசியக் கருவியின் தொழில்நுட்பம் பற்றி அதில் எதுவும் இல்லை. எஞ்சின் சூட்டைத் தடுக்கப் பொருத்த வேண்டும் என்று ஏற்கெனவே உத்தரவிடப்பட்டிருந்த வெப்பத் தடுப்புத் தகடுகள் அந்த விமானத்தில் பொருத்தப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. குடும்பங்கள் மறுபடியும் நீதிமன்றம் சென்றன. வழக்கை மறுபடி திறக்க நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன.

வெப்பத் தகடு பொருத்தப்படவில்லை என்பது மெய்விவரம். எந்தச் சாட்சியும் அதை ரகசியமாகச் சொல்லவில்லை. அதை அரை நூற்றாண்டு மறைத்து வைத்ததற்குப் பறத்தல் பாதுகாப்பையும் ஒரு காரணமாகச் சொன்னது, ரகசிய உறுதி என்ற நல்ல ஏற்பாட்டின் மீது விழுந்த கறை.

விமானி அறை ஒலிப்பதிவை வெளியிடலாமா?

ஒலியை வெளியிடக் கூடாது என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலை. அதில் சாகும் மனிதர்களின் குரல் இருக்கிறது. எழுத்தாக்கம் வேறு, தேவையான அளவு அதை அறிக்கையில் சேர்க்கலாம். ஆனால் துண்டாக வெளியிடுவது ஆபத்தானது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாதில் விழுந்த ஏர் இந்தியா பயணிகள் விமானம் பற்றிய முதற்கட்ட அறிக்கை, எரிபொருளை ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதையும் நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னதையும் மட்டும், யார் எதைச் சொன்னார் என்றுகூடக் குறிப்பிடாமல் வெளியிட்டது. அந்த ஒற்றை வரியை வைத்து இறந்த விமானிகள் மீது உலகெங்கும் சுமத்தப்பட்ட பழி நாம் கண்ணால் கண்டது. அது சிவில் விமானம்தான் என்றாலும் பாடம் ராணுவத்துக்கும் பொருந்தும்.

திறந்த அறிக்கை மட்டும் போதிய உண்மையைச் சொல்லுமா?

ஒழுங்காக எழுதினால் சொல்லும். 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா தீவருகே ஓஸ்ப்ரே சி.வி.-22 விமானம் கடலில் விழுந்து அதிலிருந்த 8 அமெரிக்க வீரர்களும் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் வெளிவந்த அறிக்கை, இடப்பக்கப் பற்சக்கரப் பெட்டியில் ஒரு சக்கரம் உடைந்து சிதறியதையும், எண்ணெயில் உலோகத் துகள் கலந்திருப்பதாக எச்சரிக்கை பலமுறை வந்தும் உடனே தரையிறங்காமல் பயணத்தைத் தொடர முடிவெடுத்ததையும் சேர்த்தே சொன்னது. இயந்திரக் கோளாறும் மனித முடிவும் எப்படிப் பின்னிக்கொண்டன என்பதை, பாதுகாப்பு விசாரணையின் ரகசியப் பகுதியைத் திறக்காமலேயே வாசகர் அறிய முடிந்தது.

சறுக்கியதும் உண்டு. 2010 நவம்பர் 16 அன்று அலாஸ்காவில் விழுந்த எஃப்-22 போர் விமானத்தில், எஞ்சினிலிருந்து வரும் காற்று தடைபட்டதால் விமானிக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போயிருந்தது. அப்படியிருந்தும் வெளியான அறிக்கை, கவனம் சிதறிய விமானியையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. அந்த முடிவுக்கு அறிக்கையில் உள்ள விவரங்கள் போதிய ஆதாரம் ஆகவில்லை என்று பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013-இல் சுட்டிக்காட்டியது. விமானப்படை தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் அறிக்கை வெளியாகியிருந்ததால்தான் அதை மறுக்க முடிந்தது.

பிரிட்டனில் என்ன நடந்தது?

1994 ஜூன் 2 அன்று ஸ்காட்லாந்தின் கின்டயர் முனையில் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று மோதி, உளவுத்துறை அதிகாரிகள் உட்பட 29 பேர் இறந்தார்கள். குரல் பதிவுக் கருவியோ தரவுப் பதிவுக் கருவியோ அதில் இல்லை. இறந்த விமானிகள் மீது, எள்ளளவும் ஐயம் இல்லாதபோது மட்டுமே பழி சுமத்தலாம் என்று விதி இருந்தும், மறுஆய்வு செய்த உயர் அதிகாரிகள் இரு விமானிகளையும் கடும் அலட்சியக் குற்றத்துக்கு உரியவர்கள் என்று எழுதினார்கள். குடும்பங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாமல் போராடியதன் விளைவாக 2011-இல்தான் அந்த முடிவு நீக்கப்பட்டது. விபத்துக்குப் பின் பதினேழு ஆண்டுகள்.

இந்தியாவில் நிலை என்ன?

சிவில் விமான விபத்துகளை விசாரிக்கும் அமைப்பு தன் இறுதி அறிக்கைகளை வெளியிடுகிறது. ராணுவ விமானங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையே அரசு விமானங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. விமானப்படை விபத்தைக் கோர்ட் ஆஃப் என்கொயரி எனப்படும் விசாரணை மன்றம் விசாரிக்கிறது. பழியறிதலும் தடுப்பும் ஒரே மன்றத்தில் நடக்கின்றன. பொதுமக்களுக்கான இரண்டாவது அறிக்கை இல்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். ஒருவர் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று இறந்தார். 2022 ஜனவரி 14 அன்று விமானப்படை வெளியிட்ட சுருக்கமான அறிவிப்பு, இயந்திரக் கோளாறோ நாசவேலையோ அலட்சியமோ காரணமல்ல என்றது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததாகவும், விமானிக்கு இடநிலை உணர்வு தடுமாறி ஹெலிகாப்டர் நிலத்தில் மோதியதாகவும் சொன்னது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழு தந்த அறிக்கையின் அட்டவணை ஒன்றில் அதே விபத்துக்கு எதிரே காரணம் என்று இருந்தது: விமானக் குழுவினரின் மனிதத் தவறு.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சொல்ல முடியாது. மேகத்துக்குள் இடநிலை உணர்வு தடுமாறுவதும் வகைப்பாட்டில் மனிதத் தவறு என்றே பதிவாகும். ஆனால் அன்று மேகம் எந்த உயரத்தில் இருந்தது, புறப்படும்போது எந்த வானிலைத் தகவல் கையில் இருந்தது, வேறு பாதையோ தாமதமோ பரிசீலிக்கப்பட்டதா என்பது எதுவும் தெரியாத நிலையில், அட்டவணையில் உள்ள அந்தச் சொற்கள் மட்டும் இறந்த விமானிகளின் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. கண்ணால் பார்த்த நஞ்சப்பசத்திரத்து மக்கள் சொன்னதை யார் சொன்னார் என்று வெளியிட வேண்டியதில்லை. வானிலைக் குறிப்பையும் பறப்புத் தரவின் சுருக்கத்தையும் வெளியிடுவதால் எந்தச் சாட்சியின் வாய் அடைபடும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாமா?

கேட்கலாம். 2005-ஆம் ஆண்டின் அச்சட்டத்தில், 24-ஆம் பிரிவின்படி விலக்கு பெற்ற அமைப்புகளின் பட்டியலில் முப்படைகள் இல்லை. பாதுகாப்பு நலனுக்கான 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே முழு விசாரணை அறிக்கையையும் தருமாறு கேட்பதைவிட, ஒவ்வொரு மெய்விவரத்தையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது: அன்றைய வானிலை அறிவிப்பு, ஹெலிகாப்டரின் கடைசிப் பராமரிப்புத் தேதி, விபத்துக்குப் பின் அந்த ரக ஹெலிகாப்டர்களுக்குப் பிறப்பிக்கப்பட்ட பொது அறிவுறுத்தல்கள். ஒரு ஆவணத்தில் விலக்குக்கு உரிய பகுதியும் உரியதல்லாத பகுதியும் கலந்திருந்தால், விலக்குக்கு உரியதை நீக்கிவிட்டு மீதியைத் தர 10-ஆம் பிரிவு வழி செய்கிறது. பொதுநலன் மேலோங்கினால் விலக்குக்கு உரியதையும் தரலாம் என்று 8(2) சொல்கிறது. விண்ணப்பத்தில் இவ்விரு பிரிவுகளையும் குறிப்பிடுங்கள். சாட்சிகளின் பெயரும் வாக்குமூலமும் எனக்கு வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். மறுப்பு வந்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அப்போது, எந்த மெய்விவரம் எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.